சங்காய வேன்

டீசலும் மீன் தண்ணீரும் கலந்தால் ஒரு நாற்றம் வரும். வெறும் மீன் வாடையைத் தொண்டியில் யாரும் நாற்றமென்று சொல்வதில்லை. "கவுச்சி" என்று சொல்லிவிட்டு அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்போம். நான் சொல்வது வேறு. விலை போகாத பொடிமீன், நசுங்கிய கணவாய், நண்டுக் கால் எல்லாவற்றையும் கரையில் ஒன்றாகக் குவித்து "சங்காயம்" என்பார்கள். கோழித் தீவனத்துக்கு அரைக்கப் போகும் அந்தக் குவியலுக்கு யாரும் ஐஸ் போடுவதில்லை. அதை ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் பக்கம் போகிற பழைய வேன் எங்களுடையது. துருப்பிடித்த தரைத்தகட்டின் ஓட்டைகள் வழியே சங்காயத்தின் சாறு சொட்டி, சூடான சைலன்சர் குழாயில் விழுந்து பொரியும்போது எழுகிற ஆவி, எங்கிருந்தோ கசியும் டீசல் வாடையோடு சேர்ந்து முன்சீட்டுக்கு வந்து, தொண்டைக்குள் ஒரு படலமாகப் படியும். என் பத்து வயதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தப் படலம்தான்.

வேனை வாங்கியவர் அத்தா, என் அப்பா. சவுதியில் பெரிய டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவர், முதுகுவலி வந்து ஊர் திரும்பியதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் அதை வாங்கினார். பாலைவனத்தில் ஆள் அரவமில்லாத சாலையில் தனியாக வண்டியைப் பிரித்துச் சரிசெய்து ஓட்டிவந்த கதைகள் அவரிடம் நிறைய இருந்தன. கடைத்தெருவில் நான்கு பேர் கூடினால் அவற்றில் ஒன்று வெளியே வரும். அப்படிப்பட்டவரின் வேன்தான் வாரத்தில் பாதி நாள் நடுச்சாலையில் நின்றது.

நிற்பதில் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். நம்புதாளை தாண்டும்வரை ஒழுங்காக ஓடும். பிறகு யாரோ கழுத்தைப் பிடித்து அமுக்குவதுபோல இழுவை குறைந்து, இரண்டு மூன்று முறை இருமி, அணைந்துவிடும். ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும். இதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எங்கள் மெக்கானிக் செல்லையா, குழாயில் எங்கோ காற்று இறங்குகிறது என்று ஹோஸ்களை மாற்றினார், பில்டரை மாற்றினார், பம்பையே கழற்றி இரண்டு முறை பிரித்து மாட்டினார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, கண் பட்டிருக்கிறது என்று ஸ்டியரிங்கில் ஒரு கறுப்புக் கயிற்றை ஓதிக் கட்டவைத்தார். அத்தா மட்டும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்: பங்க்கில் டீசலில் தண்ணீர் கலக்கிறார்கள். அதைச் சொல்லி பங்க்கில் வேலை பார்த்த ஒரு வயதானவரை எல்லார் முன்னாலும் சட்டையைப் பிடித்துவிட்டார். நான் முன்சீட்டில் இருந்து அதைப் பார்த்தேன்.

என் பள்ளிக்கூடம் வேன் போகும் வழியில் இருந்ததால் நான் அதில்தான் போயாக வேண்டும். வண்டி நின்றதும் அத்தா இறங்கி, டீசல் குழாயைக் கழற்றி, அதன் முனையில் வாயை வைத்து உறிஞ்சுவார். வாய் நிறைய டீசல் வந்ததும் சாலையோரத்தில் துப்பிவிட்டு, கைலி நுனியால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, அதே வாயோடு பிளாஸ்கில் இருந்த டீயைக் குடிப்பார். டீயின் மேல் வானவில் நிறத்தில் ஓர் எண்ணெய்ப் படலம் மிதக்கும். மீதிப் பாதியை "குடிம்மா" என்று என்னிடம் நீட்டுவார். அந்த டம்ளரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயில் எச்சில் ஊறி, வாந்தி முட்டுகிறது. வகுப்பில் என் பெஞ்சில் யாரும் உட்காரமாட்டார்கள். சோப்பு போட்டுத் தேய்த்துக் குளித்தும் போகாத அந்த வாடைக்காகப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயரும் "சங்காயம்"தான்.

அந்த வருடம்தான் என் லாத்தா நசீமா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். அக்காவை எங்கள் வீட்டில் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு நர்சிங் படிக்க வேண்டும். ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் இடத்துக்காகக் காலையில் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போய்விடுகிறோம் என்று அம்மா முந்தின நாளே சொன்னார். வீட்டில் வண்டி நிற்கையில் பொம்பளைப் பிள்ளைகளைப் பஸ்ஸில் அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்று அத்தா கேட்டார். அன்றைக்குச் சங்காயம் ஏற்றவில்லை, பின்பக்கத்தைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவியும் விட்டார். ஆனாலும் நாங்கள் ஏறி உட்கார்ந்தபோது அந்த நாற்றம் அங்கேயே இருந்தது. லாத்தா பெருநாளைக்கு எடுத்த வெளிர்நீலச் சுடிதாரை மடித்துப் பிடித்துக்கொண்டு, சீட்டின் நுனியில், எதன்மீதும் படாமல் உட்கார்ந்து வந்தாள்.

முதல் தடவை நம்புதாளை தாண்டி நின்றது. காத்திருந்து கிளம்பினோம். இரண்டாம் தடவை உப்பூருக்கு முன்னால். மூன்றாவதாகத் திருப்பாலைக்குடி பக்கம், இரண்டு புறமும் உப்பளம் வெளுத்துக் கிடந்த இடத்தில் நின்றது; பிறகு எத்தனை முறை திருப்பியும் கிளம்பவில்லை. எங்களைக் கடந்து போன பஸ்ஸுக்கு அம்மா கை காட்டினார், அது நிற்கவில்லை. வேனுக்குள் இருக்கவும் முடியாமல் வெயிலில் நிற்கவும் முடியாமல் லாத்தா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றாள். அத்தா போன் போட்டதும் செல்லையா மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வந்தவர் சாலையில் சாக்கை விரித்து, முகம் சுளிக்காமல், பம்பைக் கழற்ற மறுபடியும் ஸ்பேனரை எடுத்தார்.

அப்போதுதான் அம்மா பேசினார். அவர் பொதுவாக வண்டி விஷயத்தில் வாய் திறப்பதே இல்லை.

"அந்தத் துணியச் சொல்லிருங்களேன்."

அத்தா அவரைத் திரும்பிப் பார்த்தார். எந்தத் துணி என்று செல்லையா கேட்டார். அம்மா அத்தாவைப் பார்க்காமல், செல்லையாவிடம் மெதுவாகச் சொன்னார். டீசல் டாங்க் மூடி தொலைந்துபோய், அத்தா ஒரு பழைய துண்டைக் கிழித்து அதன் வாயில் அடைத்து வைத்திருந்தார். ஒருநாள் டீசல் போடப் போகும்போது பார்த்தால் அடைத்த துணியைக் காணோம், உள்ளே போய்விட்டது. புது மூடி வாங்கிப் போட்டுக்கொண்டு, அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். வேன் நிற்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த வாரத்திலிருந்து.

செல்லையா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "என்னையப் பம்பக் கழட்ட வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தீகளே பாய்," என்றார். குரலை உயர்த்தவில்லை.

ஒரு கட்டுக்கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து டாங்குக்குள் விட்டுத் துழாவினார். சிறிது நேரத்தில் அது வெளியே வந்தது. கறுத்து, வழவழத்து, கரையில் ஒதுங்கி அழுகிய சொறிமீனைப் போலக் கம்பியில் தொங்கியது. அதிலிருந்து கூழாக ஏதோ சொட்டியது. ஓடும்போது டீசலோடு இழுபட்டுக் குழாய் வாயை இதுதான் அடைத்துக்கொள்கிறது, நிறுத்தினால் விட்டு விலகிக் கீழே போய்விடுகிறது என்று செல்லையா யாரையும் பார்க்காமல் சொன்னார். நான் சாலையோரத்துக்கு ஓடி வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது லாத்தா அத்தாவின் எதிரில் நின்றிருந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா அத்தா?"

அத்தா உப்பளத்தைப் பார்த்தார்.

இனி டாங்கைக் கழுவி, குழாயில் காற்றெடுத்து வண்டியைக் கிளப்ப நேரமாகும். அம்மா செல்லையாவிடம், "தம்பி, பிள்ளைகள காலேஜில விட்டுட்டு வந்துருப்பா," என்றார். அந்நிய ஆம்பிளையின் வண்டியிலா என்று அத்தா ஆரம்பித்தார். அம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைத் தூக்கி செல்லையாவின் முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்து, எனக்குப் பின்னால் லாத்தாவை ஏறச் சொன்னார். தேவிபட்டினம் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தோம்.

கல்லூரியில் அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். எல்லாரும் போன பிறகு பார்க்கலாம் என்று அலுவலகத்தில் இருந்த ஒரு பெண்மணி அலுப்போடு சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த தாயும் மகளும் சற்று நகர்ந்தார்கள். பிறகு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். ஒருவர் ஜன்னலைத் திறந்தார். லாத்தா தலையைக் குனியாமல் நேராகப் பார்த்தபடி சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். வருவதாக இருந்த ஒரு பெண் வராததால் கடைசியில் அவளுக்கு இடம் கிடைத்தது.

நாங்கள் வெளியே வந்தபோது வாசலில் வேன் நின்றது, அதில் வந்த அம்மா கீழே இறங்கி நின்றார். அத்தா கதவைத் திறந்துவிட்டார். லாத்தா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

அதற்குப் பிறகும் அத்தா அந்த வேனை ரொம்ப நாள் ஓட்டினார். அது ஒருநாளும் வழியில் நிற்கவில்லை. பிடிபடாத கோளாறு என்று எதுவும் அதில் இருந்ததே இல்லை. செல்லையாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அந்த வார்த்தையைச் சொல்ல முடியாத கௌரவத்துக்காக ஒரு பெரியவரின் சட்டையைப் பிடித்ததையும், டீசலை உறிஞ்சி உறிஞ்சித் துப்பியதையும் ஒன்றாக நினைக்கும்போது எனக்கு வருகிற குமட்டல் மீனால் வருவதில்லை. பங்க்கில் இருந்த அந்த மனிதரிடம் அத்தா கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை.

வேனைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. அந்தச் சாலையும் இப்போது அகலமாகிவிட்டது; சங்காயம் தார்ப்பாய் மூடிய பெரிய லாரிகளில் போகிறது. எனக்கு அதில் எந்த ஏக்கமும் இல்லை, தொலைந்தது நல்லதுதான். லாத்தா துபாயில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் போன் பண்ணி, முதலில் அம்மாவோடும் என்னோடும் மணிக்கணக்கில் பேசுவாள். பிறகு போன் அத்தாவின் கைக்குப் போகும். சர்க்கரை எவ்வளவு, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, காலில் புண் இருக்கிறதா என்று கேட்பாள். அவர் அளவைச் சொல்வார், போட்டுவிட்டேன் என்பார், புண் இல்லை என்பார். அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, "நெசமா?" என்று என்னிடம் கேட்பாள். பக்கத்திலேயே இருக்கும் அத்தாவுக்கு அது கேட்கும்.