அக்காவின் பிறந்த நாளுக்குச் சாட்சி

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எங்கள் வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவிடம் வரலாறு படித்தவர்களுக்கும் தம்பியின் வணக்கம். எனக்கு எழுத வராது. தொழிற்சாலைக்கு லீவு லெட்டர் எழுதியதோடு சரி. ஆனால் வேறு யாராவது எழுதினால் அக்காவைப் பொறுமையின் சிகரம் என்று எழுதிவிடுவார்கள். அக்கா அவர்களுக்குப் பொறுமை கிடையாது. "அதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டே சொந்தத்தில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டவர். பகைத்துக்கொண்டவர்களும் இன்று வந்திருக்கிறீர்கள், நன்றி.

அக்கா பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். சிறு குழந்தையாக அப்பா அம்மாவுடன் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரிக்கு வந்து சேர்ந்தார். நான் இங்கே பிறந்தவன். அக்கா ஆறாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அம்மா கொழுந்து பறித்து எங்கள் இருவரையும் வளர்த்தார். வீட்டில் ஒரே ஸ்வெட்டர். அதை எனக்கு மாட்டிவிட்டு, அக்கா சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். குளிருகிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பரீட்சை வருகிறது என்றுதான் சொல்வார். அப்படியே படித்து, எமரால்டு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை ஆனார்.

பாடப்புத்தகம் மட்டும் அவருக்குப் போதாது. பிரெஞ்சுப் புரட்சி நடத்தும்போது, அந்நாட்டுக் கிராமத்து ஜனங்கள் அரசருக்கு எழுதிக்கொடுத்த குறைகளை எங்கிருந்தோ தேடிப்பிடித்துத் தமிழாக்கிக்கொண்டு போவார். உப்புக்கு வரி தாங்கவில்லை, பிரபுக்கள் வளர்க்கும் புறாக்கள் விதையைத் தின்கின்றன என்றெல்லாம் அதில் இருக்கும். ஒரு பிள்ளை எழுந்து, "நம்ம காட்டு கேரட்டைப் பன்னி திங்குது, அவிங்க காட்டுல புறாவுங்களா மிஸ்?" என்று கேட்டதை அக்கா வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் அவர் கேட்கச் சொன்ன கேள்விகள் நான்கு. யார் எழுதியது? எப்போது? யாருக்காக? எதை எழுதாமல் விட்டார்கள்?

ஒரு முறை, வீட்டிலுள்ள பழைய தாள் ஒன்றைக் கொண்டுவரும்படி ஒன்பதாம் வகுப்புக்குச் சொன்னார். பிள்ளைகள் பட்டாக்களும் பட்டாளத்துக் கடிதங்களும் கொண்டுவந்தார்கள். அக்காவும் அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து, எங்கள் குடும்பம் கப்பலேறிய பாஸ்போர்ட்டை எடுத்துப் போனார். கேரட் தோட்டத்துக் கூலிக்காரர் மகள் ஒருத்தி அதை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "மிஸ், தேதிப்படி அப்ப உங்களுக்கு நாலு வயசு ஆவுதுங்க. படத்துல அம்மா மடியில கைக்கொழந்தையா இருக்கறீங்க. இதுல எது பொய்யிங்க?"

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் பாஸ்போர்ட்டை நீட்டினார். நானும் இருந்தேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"ஒனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. இந்தியாவுக்கு வர எழுதிக் கொடுத்தப்ப அவ பேருதான் போட்டோம். காய்ச்சல்ல போயிட்டா. பொறகு, தோட்டத்துல செடிய வெட்டிக் கவாத்து பண்ணுன மாசம் நீ பொறந்த. பேரை மாத்தணும்னா இன்னும் எத்தனை வருசமோ, கப்பலுக்கு நாளு வேற வந்திருச்சு. அவ பேருலயே ஒன்னையக் கூட்டியாந்துட்டோம். வெளிய சொல்லிராத பாப்பா, திருப்பி அனுப்பிப்புடுவாங்க."

அம்மா அக்காவை வாழ்நாளில் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பாப்பா என்றே கூப்பிட்டார். ஏன் என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

நான் பயந்தேன். ஒளிப்பதில் என்ன கெட்டது என்று நினைத்தேன். "இதைக் கிண்டாதக்கா. ஆள் மாறாட்டம்னு வேலையே போயிரும்" என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்றும் சுடுகிறது.

"ஊரான் ஊட்டுப் பேப்பரையெல்லாம் நம்பாதேன்னு சொல்லிக் குடுத்துட்டு, என் பேப்பரை மட்டும் மறைக்கிறதா? அந்தப் புள்ள கேட்டுட்டுப் போயிருக்கு. நாளைக்கு நான் பதில் சொல்லணும்."

மறுநாள் வகுப்பில் சொன்னார். தாள் தவறு, படம் சரி, இரண்டுக்கும் சாட்சி என் அம்மா என்று சொன்னார். பிறந்த தேதி தவறு என்று கல்வி அலுவலகத்துக்கும் எழுதினார். கூடுதலாக மூன்று வருடம் வேலை பார்க்க ஆசை என்று சிலர் பேசினார்கள். வேலை போகவில்லை. தேதியை மாற்றும் காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. "பேப்பர்ல உள்ளபடி வீட்டுக்குப் போறேன். வாயில உள்ளபடி பேசிட்டுப் போறேன்" என்று, இறந்துபோன மூத்தவரின் வயதுப்படி மூன்று வருடம் முன்னதாகவே ஓய்வு பெற்றார். அம்மா இருந்தவரை, இருவரும் சேர்ந்து வருடா வருடம் அந்த மூத்தவருக்கு விளக்கேற்றினார்கள். முதல் வருடம் அம்மா வாய்விட்டு அழுதார். அத்தனை காலமும் அந்தப் பிள்ளைக்காக அவர் அழ முடியாமல் இருந்திருக்கிறார்.

அக்காவின் கடைசி மாதங்களில் கோவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். டாக்டர் கொடுத்த தாளை அக்கா படித்துவிட்டு, "எதை எழுதாம விட்டிருக்காருன்னு கேளு" என்றார். நான் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. "எனக்கு மலர் போடுவ. தோற்றம்னு அந்தத் தேதியப் போட்டுறாத. அது அவளோடது" என்று மட்டும் சொன்னார்.

கோவைக்கு வண்டி ஓட்டிய மைத்துனருக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த லயத்துப் பெண்களுக்கும், மங்கிப்போன பாஸ்போர்ட் படத்தைத் துலக்கித் தந்த, அன்று வகுப்பில் கேள்வி கேட்ட அந்தப் பழைய மாணவிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அட்டையைத் திருப்பி முதல் பக்கத்தைப் பாருங்கள். "ஏனுங்க, தேதியில்லாம யாருங்க தோற்றம் போடுவாங்க?" என்று அச்சகக்காரர் தயங்கினார். ஆதாரம் இருக்கிறது, போடுங்கள் என்றேன். 'தோற்றம்: தோட்டத்தில் கவாத்து வெட்டிய மாதம். சொன்னவர்: அம்மா' என்று போட்டிருக்கிறார். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் தேதியையும் அதற்குக் கீழே, அவற்றுக்கு உரியவருக்கே போட்டிருக்கிறோம். அவருடைய படம் எங்களிடம் இல்லை. அந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் யாராவது உங்கள் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு படத்தின் ஓரத்தில் எங்கள் மூத்த அக்கா நின்றிருக்கலாம்.

தம்பி