ஸ்டாப் சொல்லும் வேலை

கட்டடத்தில் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. சிக்னல் கிடைக்காத ரேடியோ மாதிரி விட்டு விட்டுப் பேசுகிறாளாம். பெயர் வைத்தவன் கம்பி கட்டுகிற ஒரு தடியன். அவன் நாக்கு நன்றாகத்தான் சுழன்றது; அதனால் யாருக்கும் காலணா பிரயோஜனம் இருந்ததில்லை. அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் செங்கல் சுமந்தாள், கலவை சுமந்தாள், முழங்கால் தேயும்வரை படியேறினாள். இனி பாரம் தூக்கினால் காலே போய்விடும் என்று டாக்டர் சொன்னதும் நேரே சேஃப்டி ஆபீசரிடம் போனாள். கிரேனுக்குச் சிக்னல் கொடுக்கிற வேலையைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டாள்.

கிரேன் ஓட்டுபவர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் சுமை எங்கே இறங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. கீழே நிற்பவர் வாக்கிடாக்கியில் “இறக்கு, இறக்கு, இறக்கு” என்று விடாமல் சொல்ல வேண்டும். அந்தக் குரலை நம்பித்தான் அவர் கை அசையும். ஆக, அது முழுக்க முழுக்க வாயால் செய்கிற வேலை. அதைத்தான் திக்குவாய்க்காரி கேட்டாள்.

கேள்விப்பட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். எந்தச் சுமை எந்தச் சுவரில் உரசும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிற கண் அவளுக்கு இருந்தது. ஆபீசருக்கும் அது தெரியும். “சரிம்மா, ஒரு ட்ரையல் பார்ப்போம்” என்றார்.

சொல்ல வேண்டிய வார்த்தைகள் கொஞ்சம்தான். தூக்கு, இறக்கு, மெல்ல, இடது, வலது. நிறுத்தச் சொல்வதற்கு மட்டும் ‘ஸ்டாப்’. ஆபத்தென்றால் எந்த மொழிக்காரனும் கத்தலாம், எல்லோருக்கும் புரியும் என்பதால் அந்த ஒரு வார்த்தை ஆங்கிலம்.

அவளுக்கு எமன் அந்த வார்த்தைதான். ‘ஸ்’ஸில் நாக்கு மாட்டிக்கொண்டால் மீளாது. அதனால் சின்ன வயதிலிருந்தே அதைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுவாள். பஸ்ஸில் ஸ்டாப் வந்தால் “இங்கதான் எறங்கணும்” என்பாள். மாத்திரையை ஸ்டாப் பண்ணலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டிய இடத்தில் “இன்னும் முழுங்கணுமா?” என்பாள். படிப்பை ஸ்டாப் பண்ணியதை “விட்டுட்டேன்” என்றும், பழைய முதலாளி அவளை வேலையிலிருந்து ஸ்டாப் பண்ணியதை “வேலை முடிஞ்சிடுச்சு” என்றும் சொல்லிச் சமாளித்தாள். அளவு நிறைந்தால் ‘போதும்’, கொஞ்ச நேரத்துக்கென்றால் ‘இரு’, ஆரம்பிக்கவே கூடாதென்றால் ‘வேணாம்’. அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்த ஒவ்வோர் அர்த்தத்துக்கும் அவள் கையில் ஒரு மாற்று இருந்தது. அகராதி எழுதுகிறவர்கள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டிருக்கலாம்.

ட்ரையலில் கம்பிக் கட்டு இறங்கியது. “இறக்கு, இறக்கு” பாட்டுப் போல வந்தது. நிறுத்த வேண்டிய இடம் நெருங்கியதும் ‘ஸ்’ தொண்டையில் வந்து உட்கார்ந்தது. பழக்க தோஷம், “போதும், போதும், போதும்” என்றாள். மேலே இருந்தவருக்கு அது பக்கத்தில் நிற்கும் யாரிடமோ பேசுவது போலக் கேட்டது. குரல் வந்துகொண்டே இருந்ததால் அவர் கையை எடுக்கவில்லை. கம்பிக் கட்டு தண்ணீர் ட்ரம்மின் மேல் உட்கார்ந்து அதைச் சப்பையாக்கிவிட்டது.

“ஏம்மா, அங்க ஒரு ஆள் நின்னிருந்தா?” என்றார் ஆபீசர். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டில் அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நல்ல மனசு, அவசர வாய். நாத்தனார் எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் அண்ணியே முடித்துவைப்பாள்.

“அண்ணி, அந்த வேலை கெ... கெ...”

“கெடைக்கலையா? போனாப் போகுது, விடு. ஸ்டோர்ல ஏதாவது கேளு.”

“நா... நானே முடிக்கிறேன் அண்ணி. கெ... கெ... கெடைக்கும்.”

அண்ணி நகர்ந்து வழிவிட்டாள்.

மறுநாள் காலையில் கிரேனின் ஏணிக்குக் கீழே நின்று அந்த ஆபரேட்டரைப் பிடித்தாள். பேச்சில் கறார், ஆனால் நிதானமான மனிதர்.

“ஏன் போதும்னு சொன்னே?”

“தி... திக்கிடும்னு பயந்துட்டேன் அண்ணே.”

“திக்கினா என்ன? நீ ‘ஸ்’னு ஆரம்பிச்சாலே என் கை நின்னுடும். நம்ம வார்த்தைல வேற எது ‘ஸ்’ல வருது? மாட்டிக்கிட்டு சத்தமே வரலைன்னாலும் நிறுத்திடுவேன். குரல் நின்னா நிறுத்தணும், அதுதான் இங்க சட்டம். உன் திக்கல் எனக்குப் பயமில்ல தங்கச்சி. நீ வார்த்தைய மாத்துறதுதான் பயம்.”

அவளுக்குச் சுரீரென்றது. ஒளித்து ஒளித்துத்தான் இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறாள். இங்கே ஒளித்தால் ஒரு உயிர் போகும். ஒளிக்காவிட்டால் கட்டடத்திலுள்ள அத்தனை வாக்கிடாக்கியிலும் அவள் திக்கல் கேட்கும், அந்தத் தடியன் உட்பட எல்லோரும் கேட்பார்கள். அதை நினைத்தாலே உடம்பு கூசியது. கூசினால் கூசட்டும் என்று ஆபீசர் அறைக்கு நடந்தாள்.

“இன்னொரு தடவை சார். வா... வார்த்தைய மாத்த மாட்டேன்.”

முடியாது என்றார். அவள் வாசலை விட்டு நகரவில்லை. அவர் சாப்பிடப் போனார், திரும்பி வந்தார். அப்போதும் அங்கேயே நின்றாள். கடைசியில் ஆபரேட்டரிடமும் பேசிவிட்டு, “ஒரே ஒரு தடவை. திக்கினாலும் அதே வார்த்தைதான்” என்று இறங்கி வந்தார்.

வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் சேர்ந்தது. கான்கிரீட் நிரம்பிய வாளி தளத்தை நோக்கி இறங்கியது. “இறக்கு, இறக்கு, மெல்ல, மெல்ல...” நிறுத்தும் இடம் வந்தது. போதும், இரு, வேணாம் எல்லாம் நுனி நாக்கில் தயாராக நின்றன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“ஸ்... ஸ்ஸ்...”

வாளி அந்தரத்தில் அப்படியே நின்றது. ஆபீசர் கையை உயர்த்திப் போதும் என்று சைகை காட்டினார். தடியன் களுக்கென்று சிரித்தான். அவள் வாக்கிடாக்கியின் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் முட்டியது. சுமை எப்போதோ நின்றுவிட்டது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இதைப் பாதியில் விட அவள் தயாராக இல்லை.

“ஸ்... ஸ்... ஸ்டாப்.”

“நிறுத்தியாச்சு. அடுத்தது?” என்றது மேலிருந்து குரல்.

வாளியைக் காலி செய்தார்கள். அவள் அண்ணாந்து பார்த்தாள்.

“தூ... தூ... தூக்கு.”

முழு வார்த்தையும் வரும்வரை அவர் காத்திருந்தார். வந்த பிறகுதான் தூக்கினார்.