நின்று நின்று ஓடிய என் புதுக் கம்ப்யூட்டர்

டி.டி.பி. கடை நடத்துகிறவளுக்கு முதலில் தேவைப்படுவது தமிழ் டைப்பிங் இல்லை, அசையாமல் நின்றுபோன திரைக்கு முன்னால் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிற பழக்கம். மவுஸ் செத்து, கீபோர்டு செத்து, வாடிக்கையாளர் மட்டும் உயிரோடு நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரம் உங்களுக்கும் வாய்த்திருந்தால், வாங்க, நீங்க நம்ம ஆளு.

முதுகுளத்தூர்ப் பக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வரை படித்து, டைப்பிங் பழகி, மண்டபத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். இது 2005-இல் நடந்த கதை. மகள் அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறாள். வீட்டு முகப்பில் ரோட்டைப் பார்த்த ஓர் அறை சும்மா கிடந்தது. "தை பொறக்குற வரைக்கும் பாரு ஆத்தா. ஓடலைன்னா செல்போன் கடைக்கு விட்ருவேன்" என்று சொல்லித்தான் என் மாமனார் சாவியைக் கொடுத்தார். ராமநாதபுரத்தில் பார்ட் பார்ட்டாக வாங்கிப் பூட்டிய புத்தம் புது கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. மஞ்சள், குங்குமம் வைத்து உட்கார்ந்தேன். அந்த வாரமே அது தன் வேலையைக் காட்டிவிட்டது.

கல்யாணப் பத்திரிகை

முதல் பலி சூசை அண்ணன். விசைப்படகில் வேலை. கரை இறங்கிய கையோடு, சட்டையில் உப்பு காயாமல், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்திருந்தார். மகள் பேரை நல்ல பெரிய எழுத்தில் அடித்து முடித்தேன். அத்தோடு திரை நின்றுவிட்டது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். மறுபடி மகள் பேர், மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும் அதே கதைதான்.

எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. வாயில் மட்டும் சிரிப்பு. சூசை அண்ணன் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்: "ஏம்மா, மாப்பிள்ளை பேரு மட்டும் வரமாட்டேங்குதே, அவுக வீட்ல எதுவும் சொல்லி விட்டாகளா?"

கண்ணும் கையும்

மறுநாள் அதே பத்திரிகை ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. அதற்கடுத்த நாள் வேறொருவர் வேலையில் திரும்பவும் நின்றது. கண்ணு பட்டிருச்சு என்று பக்கத்து வீட்டு அக்கா எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுப் போனார். சூசை அண்ணன் வீட்டம்மா மாதாகோயில் தீர்த்தம் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் மேல் தெளிக்காதீங்க என்று கெஞ்சி, மேசைக்காலில் தெளிக்கச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் மீன் வண்டி ஓட்டுகிறவர். அவர் பங்குக்குப் பெட்டியின் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு தட்டி, காது வைத்துக் கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வண்டின்னா எறங்கித் தள்ளலாம். இத எங்கிட்டுத் தள்ளுறது?"

மெக்கானிக் முன்னால் மட்டும்

பூட்டிக் கொடுத்த மெக்கானிக் சேகர் ராமநாதபுரத்தில் இருந்தார். வீட்டுக்காரருக்கு லோடு இல்லாத நாளாகப் பார்த்து, நம் வண்டியிலேயே போய்க் கூட்டி வந்தோம். சேகர் உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி ஒழுங்காக இருக்கும். ராம் சிப்பை மாற்றினார். ஃபேனைக் கழற்றித் துடைத்தார். விண்டோஸைப் புதிதாகப் போட்டார். சாயங்காலம் வரை கேம் விளையாடியும் பார்த்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அவரை வண்டியில் திரும்பக் கொண்டுபோய் விட்டு வந்தால், மறுநாள் காலையில் நிற்கும். போன் போட்டால், மறுபடி லோடு இல்லாத ஒரு நாளில் போய்க் கூட்டி வருவோம். மறுபடி நல்ல பிள்ளையாக ஓடும். போகும்போது சேகர் என் விரல்களை ஒரு தினுசாகப் பார்த்துச் சொன்னார்: "மெஷின் நல்லாத்தான்க்கா இருக்கு. நீங்க வேணா கொஞ்சம் மெதுவா டைப் பண்ணிப் பாருங்களேன்."

மடியில் ஒன்று, இடுப்பில் ஒன்று

சரி, அவர் கடையிலேயே வைத்துப் பார்க்கட்டும் என்று பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி பஸ் ஏறினேன். மடியில் பெட்டி, இடுப்பில் மகள். உச்சிப்புளி தாண்டுமுன் மகள் தூங்கிவிட்டாள். குலுங்கும்போதெல்லாம் நான் பெட்டியைத்தான் இறுக்கிப் பிடித்தேன் என்பதை எதிர்சீட்டுப் பாட்டியம்மா கவனித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

கண்டக்டர் வந்தார். சேலையை விலக்கிப் பார்த்தார். தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார். "பிள்ளைக்கு வேணாம்க்கா. நீங்க தூக்கி வச்சிருக்கற பக்குவத்துக்கு இந்தப் பொட்டிக்கு ஒரு டிக்கெட் போட்ருவோம்."

இன்ச் டேப்

சேகர் கடையில் ஒரு வாரம் நிற்காமல் ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன், நின்றது. அன்றைக்குப் பார்த்து என் மாமனார் யாரோ ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். செல்போன் கடை வைக்கப் போகிறவர். "சும்மா பாத்துட்டுப் போகட்டும்" என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல்.

வந்தவர் இன்ச் டேப்பை எடுத்துச் சுவருக்குச் சுவர் பிடித்தார். நான் நின்றுபோன திரைக்கு முன்னால் டைப் அடிப்பதுபோலக் கையை ஓட்டிக்கொண்டே இருந்தேன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, சந்தோஷமாகச் சொன்னார்: "இந்த மேசையத் தூக்கிட்டா ரெண்டு ஷோகேஸ் தாராளமாப் போடலாம்ணே."

சேகர் பஸ்ஸில் வந்த நாள்

அவர்கள் தலை மறைந்ததும் போனில் சேகரிடம் அழுதேவிட்டேன். வீட்டுக்காரர் லோடு ஏற்றி மதுரைக்குப் போயிருந்தார். "நானே பஸ்ல வாரேன், அழுகாதீங்க" என்று வந்து சேர்ந்தார் சேகர். வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், அவர் கண் முன்னாலேயே கம்ப்யூட்டர் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! அதே நேரம் அடுத்த கொட்டகையில் ஐஸ் உடைக்கிற மெஷின் கடகடவென்று அலறிக்கொண்டிருந்தது. சேகர் அண்ணாந்து பல்பைப் பார்த்தார்.

"பல்பு ஏன்க்கா இப்படி மங்குது?"

"அது படகு வந்தா மங்கும்" என்றேன், மழை வந்தா நனையும் என்பதுபோல. விசைப்படகெல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் கடலுக்குப் போகும். கரைக்கு வரும் நாளில் மீனுக்கு ஐஸ் உடைப்பார்கள். அந்த மோட்டாருக்கும் எங்கள் அறைக்கும் ஒரே ஃபேஸ் லைனில்தான் கரண்ட் வருகிறது என்று சேகர் கண்டுபிடித்தார். மோட்டார் இழுக்க இழுக்க எங்களுக்கு வோல்டேஜ் விழுந்திருக்கிறது. படகு வரும் நாளில்தான் மீன் வண்டிக்கும் லோடு. ஆக, வண்டி சும்மா நிற்கிற நாளாகப் பார்த்து நாங்கள் சேகரைக் கூட்டி வந்ததெல்லாம், ஐஸ் மெஷினும் சும்மா இருந்த நாள்!

இந்தப் படகுக் கணக்கையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, சேகர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அடப் போங்கக்கா! காய்ச்சல் இல்லாத நாளாப் பாத்து டாக்டரக் கூட்டியாந்திருக்கீக!"

மாமா போட்ட போன்

எலக்ட்ரீசியன் வந்து எங்கள் அறையை வேறு ஃபேஸ் லைனுக்கு மாற்றினார். சேகர் பெட்டிக்குள் கரண்டைச் சீராகக் கொடுக்கிற நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றும் யூ.பி.எஸ். ஒன்றும் வைத்தார். அடுத்து படகு வந்த நாளில் மாமா தன் நாற்காலியை என் அறைக்குள் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். சூசை அண்ணன் தன் அக்காவின் புது வீட்டை மாதாகோயில் பங்குச்சாமி வந்து மந்திரிக்கிற விசேஷத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். பக்கத்தில் ஐஸ் மெஷின் அலற ஆரம்பித்தது. அடித்தேன். அக்கா பேர் வந்தது, மச்சான் பேர் வந்தது, பங்குச்சாமி பேரும் வந்தது. பிரிண்டர் தாளைத் துப்பியது. சூசை அண்ணன் அதை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் இருபது பேரைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். பல்பு மங்கவில்லை, திரை நிற்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மகளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மாமா எழுந்து வெளியே போனார். வாசலில் நின்று யாருக்கோ போன் போட்டு, ஐஸ் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "வேற எடம் பாத்துக்கப்பா! இந்த ரூம்ல ஆளு இருக்கு!"

புதுக் கம்ப்யூட்டர் அடிக்கடி நிற்கிறது என்று இப்போது யார் வந்து கேட்டாலும், பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னால் பக்கத்து வீட்டில் என்ன ஓடுகிறதென்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.