அடுப்பு மூலையில் இருந்த மூட்டை

குற்றாலத்தில் அந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழையும்போது என் கைப்பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, மேடையில் நான் படிக்க வேண்டிய காகிதம். இன்னொன்று, பிளாஸ்டிக் கவரில் முடிந்து வைத்த ஒரு பிடி மாட்டுத் தீவனம். காகிதம் அவர்கள் கொடுத்தது. கவர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

அவர்கள் என்றால் சாராய ஆலைக்காரர்களின் சங்கம். மக்காச்சோளத்தையும் நொய்யரிசியையும் புளிக்க வைத்து ஸ்பிரிட் எடுக்கிறார்கள். பெட்ரோலில் கலப்பதற்கும் அது போகிறதாம். எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை குவிந்துவிடுகிறது. அதைக் காய வைத்தால் மாட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும் நல்ல தீவனம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வதற்கென்றே பல ஆலைகள் சேர்ந்து இந்தச் சங்கத்தை வைத்திருக்கின்றன. பண்பொழிப் பக்கம் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்கு அவர்கள் வந்தது கோடையில். வெல்ல நிறத்தில் ஒரு பொடியைத் தட்டில் கொட்டிக் காட்டினார்கள்.

"இதத் தின்னுட்டு மாடு ரோட்டுல விழுந்து கெடக்காதே?" என்று பால் ஊற்ற வந்த ஒருவர் கேட்டார்.

"உமக்கு வேணும்னா நேரா கேளும் அண்ணாச்சி. மாட்ட ஏன் இழுக்கீரு?" என்றாள் என் மதினி.

மதினி என் அண்ணன் மனைவி. அடுத்த தெருவில் இருக்கிறாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் அவள் பேசுவாள், நான் அவளுக்குப் பின்னால் நிற்பேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கச் சொன்னாலே அழுதுவிடுகிற ஆள் நான். பத்தாம் வகுப்போடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். தீவனத்தைக் கொடுத்துப் பார்க்க ஒரு வீடு வேண்டும் என்று சங்கத்தின் ஃபீல்டு ஆபீசர் கேட்டபோது, மறுத்துப் பேசத் தெரியாததால் நான் மாட்டிக்கொண்டேன்.

பொய் சொல்லக் கூடாது, தீவனம் நன்றாகவே வேலை செய்தது. என் இரண்டு மாடுகளும் தொட்டியை நக்கி வைத்தன. பாலும் கூடியது, சொசைட்டியில் கொழுப்பும் ஏறியது. ஃபீல்டு ஆபீசர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வாரம் ஒருமுறை வந்து குறித்துக்கொண்டு போவார். மூட்டையை ஈரம் படாத இடத்தில் வையுங்கள் என்று சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் ஈரம் படாத இடம் ஒன்றுதான். சமையலறையில் விறகடுப்பை ஒட்டிய மூலை. சாரல் காலத்தில் உப்பு, புளி, மிளகாய் வற்றல், மாட்டுத் தீவனம் எல்லாம் அங்கேதான் போகும். நானும் யோசிக்கவே இல்லை, அங்கே வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல ஐடியாங்க்கா" என்று எழுதிக்கொண்டார்.

இதையெல்லாம் நான் மேடையில் படிக்க வேண்டும் என்று குற்றாலத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் மாலை, பெரிய மாடு தீவனத்தை மூக்கால் தள்ளிவிட்டது. தண்ணீர் மட்டும் குடித்தது. பால் பாதியாகக் குறைந்திருந்தது. விடிந்ததும் மூட்டையின் அடியில் கையை விட்டேன். கட்டி கட்டியாகக் கையில் வந்தது. உடைத்தால் உள்ளே பச்சையாகப் பூஞ்சை. மூட்டை சாய்ந்திருந்த சுவரைத் தொட்டுப் பார்த்தேன். கிணற்றுச் சுவர் போலச் சில்லென்று இருந்தது.

அப்போதுதான் அடுப்பைப் பார்த்தேன். அதன்மேல் குக்கர் மூடியும் பழைய பேப்பரும் இருந்தன. கேஸ் வந்த பிறகு அதில் யார் தீ மூட்டுகிறார்கள்?

ஜீப் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. ஒரு கட்டியைக் கவரில் முடிந்துகொண்டு ஏறினேன். வழியில் ஃபீல்டு ஆபீசரிடம் சொல்லிவிட வேண்டும் என்று செங்கோட்டை வரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

"சார், மூடை…"

"லாரியிலயே வந்துருச்சுங்க்கா. கூட்டம் முடிஞ்ச கையோட எல்லார்த்துக்கும் குடுத்துரலாம்."

"இல்ல சார், என் மூடை…"

"உங்களுக்கு இல்லாமலாங்க? பயப்படாம படிங்க. பாத்துப் படிச்சாப் போதும்." அதற்குள் அவருடைய போன் அடித்தது. மண்டபம் வரும் வரை அவர் அதில் பேசிக்கொண்டே வந்தார்.

மண்டபத்துக்கு வெளியே அருவிக்குப் போகிற கூட்டம் ஈரத் துண்டோடு நடந்துகொண்டிருந்தது. வாசலில் தார்ப்பாய் போட்ட லாரி. மேலே சாரல் விழுந்துகொண்டே இருந்தது. உள்ளே எங்கள் ஊர்ப் பெண்கள் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். பத்து மூட்டைக்கு எழுதிக் கொடுத்தால் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவார்களாம். மதினி படிவத்தை மடியில் வைத்துப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இருப்பது ஒரே மாடு. தலையீத்து; முதல் சினை, எட்டு மாதம். அந்த மாட்டுக்குத்தான் இவ்வளவும். அந்த வரிசையில் உள்ள எல்லார் வீட்டு அடுப்படியும் எனக்குத் தெரியும். பத்து மூட்டையும் எந்த மூலைக்குப் போகும் என்பதும் தெரியும்.

அவளிடம் போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் மைக்கில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் சங்கத்துப் பெரிய மனிதர்கள் நாலு பேரும் அவர்களுடைய கால்நடை டாக்டர் அம்மா ஒருவரும் இருந்தார்கள். காகிதத்தை விரித்தேன். முதல் இரண்டு வரியை எப்படியோ படித்துவிட்டேன். மூன்றாவது வரி: "ஆறு மாதம் ஆனாலும் இது கெடாது. நான் மூட்டையைச் சமையலறையில் அடுப்பு மூலையில் வைத்திருக்கிறேன்."

எழுத்து தெரிந்தது, சத்தம் வரவில்லை. மைக் கீச்சென்றது. ஃபீல்டு ஆபீசர் கீழே நின்று, படிங்க படிங்க என்று கையாட்டினார். சபையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல என்னால் ஆகாது என்று எனக்குத் தெரியும். மதினியைப் பார்த்தேன். அவள் எழுதப் பேனாவைப் படிவத்தில் வைத்தாள்.

"மதினி, எழுதாதீங்க."

மைக்கில் சொன்னேன் என்பதே அப்போது உறைக்கவில்லை.

"என்னட்டி?" என்றாள், சந்தைக்கு நடுவில் கேட்பது போல.

"பத்து மூடைன்னு எழுதாதீங்க."

"ஏன், ஒனக்கே எல்லாம் வேணுமாக்கும்?"

மண்டபமே சிரித்தது. நான் கவரை அவிழ்த்துக் கட்டியை மேசைமேல் வைத்தேன். "என் மூடை பூத்துப் போச்சு மதினி. மாடு ரெண்டு நேரமாத் திங்கல."

சிரிப்பு நின்றது. "நீ எங்கன வச்ச?" என்றாள் மதினி.

"அடுப்பு மூலையில."

"அங்கன வச்சா எப்படிட்டி பூக்கும்?"

"நீங்க வெறகடுப்பு கடைசியா எப்பம் பத்த வச்சீங்க?"

மதினி யோசித்தாள். அவள் பதில் தேடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பொங்கலுக்கு," என்றாள் மெதுவாக. அவள் பக்கத்தில் இருந்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஃபீல்டு ஆபீசர் மேடைக்கு ஏறி வந்து, "அக்காவுக்கு உடம்பு சரியில்லீங்க" என்று மைக்கைப் பிடித்தார். டாக்டர் அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கட்டியை உடைத்தார், முகர்ந்தார், என் பக்கம் திரும்பினார்.

"மாடு இப்ப அசை போடுதா?"

"போடுது."

"நேத்துப் பாலை என்ன செஞ்சீங்க?"

"சொசைட்டியில ஊத்திட்டேன்."

அதுவும் மைக்கில் போனது. சொசைட்டிக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அழுதது போல அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். அழவில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. மைக்கை வாங்கி, பூத்த தீவனத்தை உதறிவிட்டுக் கொடுக்கக் கூடாது, அந்தப் பூஞ்சையின் விஷம் பாலிலும் வரும், சினை மாட்டுக்கு இன்னும் ஆபத்து என்றார். "ஆறு மாசம்னு அச்சடிச்சது சாரல் இல்லாத ஊருக்கு. இங்க சாரல் முடியுறவரைக்கும் ஒரு வீட்டுக்கு ஒரு மூட்டைக்கு மேல குடுக்கக் கூடாது. தரையிலயும் சுவர்லயும் படாம பலகைமேல வைங்க." பெரிய மனிதர்களில் ஒருவர் டாக்டர் அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "இல்ல சார், ஒண்ணுதான்" என்றார். அது மைக்கில் கேட்டது. லாரியில் பாதிக்கு மேல் இறங்காமல் திரும்பிப் போனது.

ஃபீல்டு ஆபீசர் என்னை ஜீப்பில் கூப்பிடவில்லை. "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க்கா," என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். ஜீப்பில் நான் சொல்ல முயன்றதும் உண்மைதான்.

மதினியோடு பஸ்ஸில் திரும்பினேன். செங்கோட்டையில் கூட்டம் இறங்கியதும் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "சொசைட்டிக்கு நாளைக்கு நானும் வாரேன். நீ பேசாண்டாம், நின்னாப் போதும்" என்றாள். என் பாலை அவர்கள் ஒரு வாரம் எடுக்கவில்லை. மாடு மூன்றாம் நாள் வைக்கோலில் வாய் வைத்தது.

மதினி வாங்கிவந்த ஒரு மூட்டையை வைக்க அவள் வீட்டில் பலகை கிடைக்கவில்லை. சாரல் ஓயும் வரை அது கட்டிலில்தான் இருந்தது. அண்ணன் தரையில் பாய் விரித்துப் படுத்தான். ஒருநாள் என்னிடம், "நீ மைக்கப் புடிச்சதுக்கு நான் கீழ படுக்கேன் பாரு" என்றான். அவள் மாடு ஆவணியில் கிடேரிக் கன்று போட்டது.