நாங்கள் வெட்டிய காட்சி

குணரத்தினம் அண்ணை இறந்துவிட்டார் என்று தொலைபேசியில் சொன்ன எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளர், அதே மூச்சில் இன்னொன்றையும் கேட்டார்: "அக்கா, அண்ணையின்ரை நல்ல படம் ஏதும் உங்களிட்டை இருக்கே? அஞ்சலி நோட்டீசிலை 'நாடக மேதை' எண்டு போடப் போறம்." பிறம்ரன் நகரில் அவர் வேலை செய்த சரக்குக் களஞ்சியத்தில், மதிய இடைவேளையில் மாரடைப்பு. வயது ஐம்பத்தாறு. எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது அந்தப் பட்டத்தை அவர் காதில் விழும்படி ஒருவரும் சொன்னதில்லை.

அவர் எழுதிய ஒரே முழுநீள நாடகம் செரோக்கி மக்களைப் பற்றியது. அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்த பூர்வகுடிகள் அவர்கள். சொந்த எழுத்தில் பத்திரிகை அச்சடித்தார்கள். நிலத்துக்காக நீதிமன்றம் போய் வென்றும் இருந்தார்கள். அப்படியிருந்தும் படையினர் துப்பாக்கி முனையில் வீடுகளிலிருந்து இறக்கி, பல நூறு மைல் மேற்கே விரட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து நடந்த அடுத்த வருடம், இங்கே புலம்பெயர்ந்திருந்த நாங்கள் அதை மேடையேற்றினோம். ஏன் இந்தக் கதை என்று யாரும் கேட்கவில்லை.

முதல் ஒத்திகைக்குச் செயலாளர் ஒரு பெட்டி நிறைய வான்கோழி இறகுகளோடு வந்தார்.

"அவையள் சேர்ட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டின சனம். உது எதுக்கு?" என்றார் அண்ணை.

"இறகு இல்லாட்டிச் செவ்விந்தியன் எண்டு சனத்துக்கு எப்பிடி அண்ணை விளங்கும்?"

"வெள்ளைக்காரன் எங்களை நாடகத்திலை போடேக்கை, கையிலை ஒரு பாம்பைக் குடுத்து விட்டா உமக்கு எப்பிடியிருக்கும்?"

செயலாளரே சிரித்துவிட்டார். பெட்டி திரும்பிப் போனது.

மூன்றாம் காட்சியை மட்டும் அண்ணையால் காப்பாற்ற முடியவில்லை. வசதியான செரோக்கிகள் சிலர் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள்; விரட்டப்பட்டபோது அந்த அடிமைகளும் கூடவே நடந்தார்கள். காட்சியில், முன்பே சொந்த ஊரிலிருந்து பிடித்து விற்கப்பட்ட ஓர் அடிமைப்பெண் எசமானியின் பானை சட்டிகளைச் சுமந்து வந்து, இறக்கிவைத்துச் சொல்வாள்: "அம்மா, ஊரை விட்டு நடப்பது உங்களுக்கு முதல் தரம். எனக்கு இரண்டாம் தரம்." அவ்வளவுதான் அவள் பேச்சு. அந்தப் பாத்திரம் எனக்கு.

"அடிவாங்கின சனத்தை இந்த நேரத்திலை குறைச்சுக் காட்டலாமோ அண்ணை?" என்றார் செயலாளர்.

"குறைக்கேல்லை. முழுசாக் காட்டுறன். பானை தூக்கினவளும் அதே பாதையாலைதானே நடந்தவள்? அவளை எங்கை விட்டிட்டுப் போறது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நடிக்கப் போறது நீர். நீர் சொல்லும்."

"நாடகம் நீண்டு போச்சு, அண்ணை" என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து அந்தப் பக்கத்தின் குறுக்கே தானே கோடு போட்டார். "சரி, உங்களுக்குப் பிடிச்ச செரோக்கியைக் காட்டுங்கோ."

மேடையேறிய அன்று மண்டபத்தில் சனம் விம்மி அழுதது. இதை வாசிக்கும் உங்களில் பலர் எழுந்து நின்று கைதட்டினீர்கள். அவர் கடைசி வரிசையில் இருந்துவிட்டு, முடிந்ததும் கதிரைகளை அடுக்கினார்.

அதன்பின் அவர் நாடகம் எழுதவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் அவர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்து லிஃப்டில் ஒருமுறை காரணம் கேட்டேன். "எழுதலாம் தங்கச்சி. நீங்கள் நடிக்க வேணுமே" என்று சிரித்தார். நானும் சிரித்துச் சமாளித்தேன்.

படத்தைக் கொடுத்துவிட்டேன். 'மேதை' வேண்டாம் என்றதற்கு, "செத்த மனிசனுக்கு மரியாதை செய்யிறதும் பிழையே அக்கா?" என்று செயலாளர் கோபித்தார். அவரை மட்டும் குறை சொல்லி நான் தப்ப முடியாது. ஊரில் எங்கள் கிணற்றடியில், தாமாக அள்ளக் கூடாதென்பதால், யாராவது வந்து ஊற்றும் வரை குடத்தோடு காத்து நின்ற பெண்களை நான் சிறுமியாகப் பார்த்து வளர்ந்தவள். ஊர்ச் சனம் நிறைந்த மண்டபத்தில் அவர்களில் ஒருத்தியைப்போல நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. குணரத்தினம் அண்ணைக்கு அது விளங்கியிருந்தது. விளங்கித்தான் கோடு போட்டார். அந்தப் பார்வைதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது.

நாடகம் நீளமாக இருக்கவில்லை, அண்ணை.