பென்சிலின் யாருக்கு ஆகாது?

‘பென்சிலின் ஆகாது. நினைவில் சேர்த்தது: ஆயுத பூஜைக்கு மறுநாள்.’

எங்கள் வீட்டு ஏ.ஐ. உதவியாளர் என்னைப் பற்றி வைத்திருந்த குறிப்பு இது. நான் அதைப் படித்தது எங்கே தெரியுமா? பெங்களூரு மல்லேஸ்வரத்தில், பல் டாக்டரின் நாற்காலியில், வீங்கிய கன்னத்தோடு.

"ஏதாவது மருந்து அலர்ஜி இருக்கா சார்?" என்றார் டாக்டரம்மா. எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் சரிபார்க்காமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லையே... போனை எடுத்துக் கேட்டேன். பழையதை மறக்காமலிருக்க மகன் அதற்கு நிரந்தர ஞாபக வசதி போட்டுக் கொடுத்திருந்தான்.

வரிசையாகச் சொன்னது. மூட்டு வலி. சுத்த சைவம். ஞாயிறுதோறும் சிக்கன் பிரியாணி. பென்சிலின் ஆகாது.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "பிரியாணிய விடுங்க சார். பென்சிலின் நிஜமா?"

மனைவிக்குப் போன் போட்டேன். "நான் சாம்பார் பொடி அளவு கேட்டேன், முட்டி வலிக்குதுன்னு சொன்னேன். அவ்வளவுதாங்க!" பிரியாணி தன்னுடையது, பென்சிலின் தெரியாது என்றான் மகன். அடுகோடி ஏரியாவில் இருக்கும் மைத்துனனோ, "எனக்கு அக்கா உப்புமாதான் ஆகாது மாமா" என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. பல்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் வீடு முழுக்க உறவுக்கூட்டம். ஹாலில் கிடந்த டேப்லெட்டில் ஆளாளுக்கு அந்த உதவியாளரிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கேஸ் இணைப்பு, ஒரு பாஸ்வேர்டு — நம் வழக்கம் அதுதானே? அது என்ன செய்யும், பாவம்! எல்லோரையும் பிசைந்து ஒரே ஆளாக்கி, அந்த ஆளுக்கு என் பெயரை வைத்துவிட்டது.

தேதி போட்டு எழுதிவைத்தால் போதும் என்று இத்தனை வருஷம் நம்பியவன் நான். இங்கே தேதி இருக்கிறது. சொன்ன ஆளைத்தான் காணோம்.

"ரிஸ்க் வேண்டாம் சார்," என்றார் டாக்டரம்மா. "வேற மருந்து தரேன். வயிறு படுத்தும்... சொல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." படுத்தியது. நாலு நாள் மோர் சாதம்.

"அந்தக் குறிப்ப அழிச்சுத் தொலைங்களேன்" என்கிறாள் மனைவி. அழிக்கலாம், ஒரு தட்டு போதும். ஆனால் அன்று வந்தவர்களில் ஒருவருக்கு அது நிஜமாக இருந்து, நாளை எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் யாரும் கேட்காமலே ஊசி போட்டுவிட்டால்? இருக்கிற ஒரே தடயம் இதுதான்; விரல் போகவில்லை. ஒவ்வொருவராகப் போனில் விசாரிக்கிறேன். எல்லோரும் நலம் சொல்கிறார்கள், பிள்ளைகள் கதை சொல்கிறார்கள். இதற்கு மட்டும் "தெரியலையே" என்கிறார்கள். அலுத்துவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு பேர் பாக்கி.

யாருக்கு ஆகாது என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை. எனக்கில்லை என்பதும்தான்.