பெர்னிஸ் வாய்மூடிய ஒன்பது இன்னிங்ஸ்

சிகாகோவில் காரைத் தப்பான இடத்தில் நிறுத்தினால், கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போய்க் கம்பி வேலிக்குள் அடைத்துவிடுவார்கள். அப்படி அடைக்கும் ஒரு கம்பெனியில் தொலைபேசி எடுப்பது பெர்னிஸ் குபியாக்கின் வேலை. காரைத் தொலைத்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் அழைப்பார்கள். திருடி என்பார்கள், பிணந்தின்னி என்பார்கள், உன் வீடு விளங்காது என்பார்கள். கம்பெனியில் ஒரே ஒரு விதி: திருப்பித் திட்டக் கூடாது. அவள் வாயிலிருந்து "சரிங்க சார்", "அடையாள அட்டை எடுத்துட்டு வாங்க சார்" என்பதைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை.

வராததையெல்லாம் சேர்த்துவைத்து பேஸ்பால் மைதானத்துக்குக் கொண்டுவருவாள்.

இடப்பக்கச் சுவருக்கு மேலே, கூரையில்லாத பலகை இருக்கைகளில் முதல் வரிசை. இருக்கைக்கு எண் கிடையாது; முதலில் வந்தவருக்கு முதல் இடம். கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்கிற கூட்டத்தில் பெர்னிஸுக்கு முன்னால் யாரும் நின்றதில்லை, நிற்கத் துணிந்ததுமில்லை. அறுபத்து மூன்று வயது, தடித்த மணிக்கட்டு, நீலத் தொப்பி, எலும்பையும் துளைக்கிற குரல். சுவருக்குக் கீழே நின்று ஆடும் எதிரணிக்காரர்கள் அவள் குரலுக்காகவே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வருவதாக எங்கள் வரிசையில் ஒரு பேச்சு உண்டு.

அந்த வரிசையின் சட்டமும் அவள்தான். எதிரணிக்காரன் சுவரைத் தாண்டி அடித்த ஹோம் ரன் பந்து யார் கையில் விழுந்தாலும், அதை மைதானத்துக்குள் திருப்பி எறிந்துவிட வேண்டும். எதிரியின் பந்தை வீட்டுக்குக் கொண்டுபோவது இங்கே மானக்கேடு. சில கெட்டிக்காரர்கள் பையில் ஒரு பழைய பந்தை மறைத்துக்கொண்டு வந்து, நிஜப் பந்தை ஒளித்துவிட்டு அதை எறிவார்கள். அதற்குக் கள்ளப் பந்து என்று பெயர். பெர்னிஸ் கண்ணில் பட்டால் தொலைந்தார்கள். ஒருமுறை ஒரு பாதிரியாரையே எழுப்பி நிறுத்திப் பையைக் கவிழ்க்க வைத்திருக்கிறாள்.

இப்படிப்பட்டவளின் மகள் ரெனாட்டா போய் ஒரு செயின்ட் லூயிஸ்காரனைக் கட்டிக்கொண்டாள்.

செயின்ட் லூயிஸ் எங்களுக்குப் பரம்பரைப் பகை. மாப்பிள்ளை வெஸ்லி ஹோல்கம் லிஃப்ட் பரிசோதகன். மெலிந்த உடம்பு, கண்ணாடி, இஸ்திரி போட்ட அரைக்கால் சட்டை. எதற்கெடுத்தாலும் "மேடம்" என்பான். கல்யாண விருந்தில் பெர்னிஸ் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "என் பொண்ணு நல்லாப் படிச்சவ, ஆனா கண்ணு மட்டும் டெஸ்ட் பண்ணல" என்று ஆரம்பித்தவள் கால்மணி நேரம் நிறுத்தவில்லை. அதோடு மகள் அவளோடு பேச்சை நிறுத்தினாள். பெர்னிஸ் வீடு மேலும் கீழுமாக இரண்டு குடித்தனம் உள்ள செங்கல் கட்டடம். மேல்வீடு காலியாகவே கிடந்தது. வாடகைக்குக் கேட்டு வந்தவர்களையெல்லாம் ஏதாவது குற்றம் சொல்லித் திருப்பி அனுப்பினாள். யாருக்காக வைத்திருக்கிறாள் என்று தெருவுக்கே தெரியும்.

ஜூலையில் வெஸ்லிக்குச் சிகாகோவில் வேலை கிடைத்தது. ரெனாட்டா போன் செய்தாள்.

"மேல்வீட்டுக்கு வர்றோம்மா. ஆனா ஒரு நிபந்தனை. சனிக்கிழமை உன்கூட ஆட்டத்துக்கு வர்றோம். ஒன்பது இன்னிங்ஸ். வெஸ்லிய ஒரு வார்த்தை திட்டாம நீ உக்காந்துட்டா வர்றோம். திட்டினா, வேற வீடு பார்த்துக்கறோம்."

"ஆட்டம் யாரோட?"

"செயின்ட் லூயிஸோட."

"வேணும்னே பண்றியா?"

"ஆமா."

சனிக்கிழமை வெயில் பலகையைக் கொதிக்க வைத்திருந்தது. வெஸ்லி செயின்ட் லூயிஸ் அணியின் சிவப்புச் சட்டையோடு வந்தான். நீலக் கூட்டத்துக்கு நடுவே அந்த ஒரு சிவப்பைப் பார்த்ததும் எங்கள் பகுதி முழுக்க ஊளையிட்டது. அவன் தலையில் வேர்க்கடலைத் தோல் விழுந்தது. பெர்னிஸுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஹெக்டர், ஓய்வு பெற்ற தபால்காரன், இருபது வருடமாக அவளோடு சண்டை போட்டுக்கொண்டே பக்கத்தில் உட்காருகிறவன், எட்டிப் பார்த்தான்.

"யாருடி இது? தீயணைப்பு வண்டி வந்து உக்காந்திருக்கு?"

"என் மருமகன்."

"சட்டையக் கழட்டச் சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றாள் பெர்னிஸ். ஹெக்டர் அவள் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தான். தட்டிவிட்டாள்.

முதல் இன்னிங்ஸ் முடிவதற்குள் வெஸ்லி ஹாட் டாக் வாங்கிவந்தான். பையிலிருந்து சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அதன் மேல் தக்காளி கெட்சப்பைப் பிழிந்தான். சிகாகோவில் ஹாட் டாக்கில் கடுகுச் சாந்து ஊற்றலாம், வெங்காயம் போடலாம், ஊறுகாய் வைக்கலாம். கெட்சப் போடக் கூடாது. எங்கள் வரிசை அப்படியே உறைந்தது. எல்லோரும் பெர்னிஸைப் பார்த்தார்கள். ரெனாட்டாவும் பார்த்தாள்.

பெர்னிஸ் மூச்சை இழுத்தாள். எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே நின்ற செயின்ட் லூயிஸ் ஆட்டக்காரன் ஓக்டனைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய் ஓக்டன்! திங்கறதுல கெட்சப் ஊத்தினா நாக்கு செத்துப் போச்சுன்னு அர்த்தம்டா!"

ஓக்டன் திரும்பிப் பார்த்தான். அவன் எதையும் தின்றுகொண்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வழி கிடைத்துவிட்டது. "ஓக்டன்! அரைக்கால் சட்டைக்கு எவனாவது இஸ்திரி போடுவானா?" ஓக்டன் குனிந்து தன் முழுக்கால் சட்டையைப் பார்த்துக்கொண்டான். "ஓக்டன்! கல்யாணத்துக்கு வாடகைக் கோட்டு போட்டுக்கிட்டு வந்தவன்தானே நீ!" நாலாவது இன்னிங்ஸில், "லிஃப்டுக்குள்ளயே நின்னு நின்னு மூளை மேலயும் போகல, கீழயும் வரல!"

"அம்மா" என்றாள் ரெனாட்டா. "ஓக்டனுக்கும் லிஃப்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஹோட்டல்லதானே தங்கியிருக்கான்? படியிலயா ஏறுவான்?"

வெஸ்லி ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தான். "நிபந்தனை என்னைப் பத்தித்தான், ரெனாட்டா. ஓக்டனைப் பத்தி ஒண்ணுமில்ல" என்றான் பொறுமையாக. விதியென்றால் விதி அவனுக்கு. அந்தப் பொறுமைதான் பெர்னிஸை உள்ளே எரித்தது. "ரொம்ப நன்றி" என்று ஓக்டனைப் பார்த்துச் சொன்னாள்.

ஆறாவது இன்னிங்ஸில் ஓக்டன் மட்டையோடு வந்தான். இவ்வளவு நேரம் யாருக்கோ விழுந்த வசவையெல்லாம் வாங்கிய கோபமோ என்னவோ, முதல் பந்தையே வெளுத்தான். பந்து மேலே மேலே போய், நேராக எங்கள் வரிசைக்கு வந்தது. வெஸ்லி எழுந்து நின்று, பந்து பிடிக்கவென்றே கொண்டுவந்திருந்த கையுறையை நீட்டி, லிஃப்ட் கதவு மூடுகிற மாதிரி அதைப் பிடித்தான்.

"திருப்பி எறி! திருப்பி எறி!"

நாலாயிரம் தொண்டைகள். பலகையில் கால்களால் உதைத்தார்கள். யாரோ பாதி பீரை அவன் முதுகில் ஊற்றினார்கள். வெஸ்லி குனிந்தான், பையருகே ஒரு கணம் கை போனது, நிமிர்ந்தான், கையிலிருந்த பந்தைச் சுவருக்கு அப்பால் எறிந்தான். கூட்டம் ஆர்ப்பரித்து உட்கார்ந்தது.

பெர்னிஸ் பார்த்துவிட்டாள். அவ்வளவு பக்கத்திலிருந்து கவனித்தவள் அவள் ஒருத்திதான். கையுறைப் பந்து சட்டைப் பைக்குள் போயிற்று; அவன் பையில் கிடந்த, அடிபட்டுக் கறுத்துப்போன பழைய பந்து ஒன்று மைதானத்துக்குப் போயிற்று. கள்ளப் பந்து. அவள் வரிசையில். அவள் மருமகன்.

ஹெக்டர் மூக்கைச் சுளித்தான். "பெர்னிஸ், நீ பக்கத்துல இருந்த. அது நிஜப் பந்துதானா?"

காலி மேல்வீடு, ஜன்னலில் அவளே தைத்துப் போட்ட திரை, இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்த சுவர். பெர்னிஸ் தொண்டையைச் செருமினாள்.

"சட்டையில கடுகு கொட்டிடுச்சு. துடைச்சுக்கிட்டிருந்தேன். பாக்கல."

"உன் சட்டையில கடுகே இல்லையே."

"துடைச்சிட்டேன்னு சொன்னேன்ல!"

அந்த வரிசையில் அவள் சொன்ன முதல் பொய் அது. ஹெக்டருக்கும் புரிந்துபோயிற்று. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பின்வரிசையில் ஒருத்தி, "சட்டம் மத்தவங்களுக்குத்தான் போல" என்று காதில் விழும்படி சொன்னாள். பெர்னிஸ் திரும்பவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் வழக்கம்போல் எல்லோரும் எழுந்து மைதானப் பாட்டைப் பாடும்போது அவளும் எழுந்தாள். உதடு மட்டும் அசைந்தது. எட்டாவது இன்னிங்ஸில் ஓக்டன் சுவருக்குக் கீழே வந்து நின்று, மேலே பார்த்து, காத்திருந்தான். அவள் அவனையும் திட்டவில்லை. அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஒன்பதாவது இன்னிங்ஸ். செயின்ட் லூயிஸ் ஒரு ரன் முன்னால். எங்கள் ஆட்களில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் போனால் ஆட்டம் முடிந்தது. எங்களுக்குத் தோல்வி, பெர்னிஸுக்கு மகள். அவள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்த அணியின் ஆட்டக்காரன் மட்டையெடுத்து வரும்போது கைதட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவன் அடித்தான். பந்து வலப்பக்க மூலைக்கு உருண்டது, இரண்டாவது தளத்தில் நின்றிருந்த எங்கள் ஆள் ஓடிவந்து ரன் சேர்த்தான். சமன். மைதானமே வெடித்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அடுத்தவன் அவுட் ஆனான். ஒன்பதோடு முடிய வேண்டிய ஆட்டம், சமனானதால் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனது.

பெர்னிஸ் மெதுவாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். மடித்துப் பையில் வைத்தாள்.

"ரெனாட்டா. நீ எத்தனை இன்னிங்ஸ்னு சொன்ன?"

ரெனாட்டாவின் முகம் மாறியது. "அம்மா, வேணாம். ஆட்டம் முடியறவரைக்கும்னுதான் அர்த்தம்."

"நீ என்ன சொன்னன்னு கேட்டேன்."

"ஒன்பதுன்னு சொன்ன, ரெனாட்டா" என்றான் வெஸ்லி. "நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

பெர்னிஸ் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஆட்டம் நடக்கும்போது அவள் அப்படி நின்று நாங்கள் பார்த்ததே இல்லை.

"எல்லாரும் கேளுங்க! இவன் எறிஞ்சது கள்ளப் பந்து! நிஜப் பந்து இவன் சட்டைப் பையில இருக்கு! நான் பாத்தேன், பாத்துட்டுப் பொய் சொன்னேன், ஹெக்டர், அதுக்கு நீ என்னை என்ன வேணா சொல்லு, ஆனா அப்புறம் சொல்லு, இப்ப எனக்கு நேரமில்ல!" பிறகு வெஸ்லியிடம் திரும்பினாள். "கெட்சப் திங்கிற பயலே! பந்து திருடுறதையாவது ஒழுங்காத் திருடுறியா? பைக்குள்ள கைய விட்டது அந்த ஸ்கோர் பலகைக்குப் பின்னால உக்காந்து நம்பர் மாத்தறவனுக்கே தெரிஞ்சிருக்கும்! உனக்கு என் பொண்ணக் குடுத்ததுக்கு அந்த ஓக்டனுக்குக் குடுத்திருக்கலாம். திட்டினா அவனாச்சும் திரும்பிப் பாக்கறான்!"

பீர்க் குவளைகள் பறந்தன. "திருப்பி எறி!" மறுபடி கிளம்பியது, இந்த முறை கொலைவெறியோடு. வெஸ்லி தொப்பலாக நனைந்து எழுந்தான். கண்ணாடியைத் துடைத்தான். சட்டைப் பையிலிருந்து பந்தை எடுத்து, எல்லோரும் பார்க்க உயர்த்திக் காட்டினான். திரும்பப் பைக்குள் போட்டுப் பித்தானை மாட்டினான்.

"குடுக்க மாட்டேன், பெர்னிஸ்!"

மேடம் இல்லை. பெர்னிஸ். அவன் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று ரெனாட்டாவே எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

"ஊர்ல உள்ளவன் காரையெல்லாம் பிடுங்கிட்டுப் போய் வேலிக்குள்ள அடைச்சு வச்சிருக்கறவ நீ! கெஞ்சினாலும் குடுக்க மாட்ட, அழுதாலும் குடுக்க மாட்ட! நீ என்கிட்ட வந்து, பிடிச்சதத் திருப்பிக் குடுன்னு சட்டம் பேசறியா?"

முதலில் ஹெக்டர் சிரித்தான். அவனுடைய கார் மூன்று தடவை அந்த வேலிக்குள் போயிருக்கிறது. பின்வரிசைக்காரி சிரித்தாள். அவளுடையதும் போயிருக்க வேண்டும். "அவளையே தூக்கி எறி!" என்று யாரோ கத்த, அந்தக் கோஷம் பரவியது. பெர்னிஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். திட்டு வாங்கி அவளுக்குப் பழக்கம். தோளில் விழுந்த வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிட்டாள்.

காவலர்கள் வந்து வெஸ்லியை அவன் பாதுகாப்புக்காக வெளியே அழைத்துப் போனார்கள். ரெனாட்டா அம்மாவைப் பார்க்காமலே பின்னால் போனாள். வெளியே போனால் மறுபடி உள்ளே வர முடியாது. பெர்னிஸ் சுவரைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், தொப்பியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள். ஆட்டம் முடிவதற்கு முன்னால் அவள் கிளம்பியது அன்று ஒருநாள்தான். அவள் இடத்தில் ஹெக்டர் தன் பையை வைத்துக்கொண்டான்.

வாசலில் வெஸ்லி சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"வேற வீடு பார்த்துக்கறோம்" என்றாள் ரெனாட்டா.

"எதுக்கு?" என்றான் வெஸ்லி. "ஒன்பது இன்னிங்ஸ் திட்டல. சொன்னது சொன்னபடி நடந்துச்சு."

"உன்னை நாலாயிரம் பேர் முன்னாடி..."

"அது பத்தாவது. எனக்கு அந்த ஒன்பதுதான் பயமா இருந்துச்சு. கடைசி மூணுல பக்கத்துல உக்காந்து உங்கம்மா மூச்சு விடறது மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு." பெர்னிஸ் பக்கம் திரும்பினான். "மேல்வீட்டு ஜன்னல்ல சிவப்புக் கொடி கட்டுவேன்."

"கட்டு. எரிப்பேன்."

"எரி. இன்னொண்ணு கட்டுவேன்."

ஆகஸ்டில் குடிவந்தார்கள். சாமான் இறக்கிய அன்று வெஸ்லி காரைத் தெருமுனை மருந்துக்கடை வாடிக்கையாளர்களுக்கான நிறுத்துமிடத்தில் விட்டிருந்தான். கட்டிலை மேலே ஏற்றிவிட்டு வந்து பார்த்தால் காரைக் காணவில்லை. கம்பெனிக்கு யார் தகவல் சொன்னது என்று பெர்னிஸ் இன்றுவரை வாய்திறக்கவில்லை. கடைச் சுவரிலிருந்த கம்பெனி எண்ணைப் பார்த்து வெஸ்லி போன் செய்தான்.

"வணக்கம் சார். வண்டி என்ன நிறம் சார்?"

"பெர்னிஸ், என் வண்டி என்ன நிறம்னு உனக்குத் தெரியும்."

"நீங்கதான் சொல்லணும் சார்."

"சிவப்பு."

"சரிங்க சார். இங்கதான் இருக்கு சார். அடையாள அட்டை எடுத்துட்டு வாங்க சார்." எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அந்தப் பந்தையும் எடுத்துட்டு வாங்க சார்."